சுட்டவர் யார்?

தமிழ்ப் பாடத்தில் மாணவர் தொடக்கத்திலேயே கற்கும் பயிற்சிகளுள் ஒன்று, வாக்கியத்தில் எழுவாயைக் கண்டறிதல். வினையை வைத்துக்கொண்டு ‘யார்?’, ‘எது?’ என்று கேட்க வேண்டும்; விடையாக வருவதே எழுவாய். தொடக்கப்பள்ளிப் பிள்ளையும் இதனைச் செய்துவிடும். ஆயின் இந்த எளிய கேள்வியைச் செய்தி ஏடுகளும், அரசு அறிக்கைகளும், அவற்றைப் படித்துவிட்டுக் கருத்துரைக்கும் கற்றறிந்தோரும் ஓரிடத்தில் மட்டும் கேட்க மறந்துவிடுகின்றனர். குறை சொல்லக் கூடிய மக்கள்மேல் ஆட்சியின் ஆயுதம் பாயும் இடமே அது.

“போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது; 13 பேர் பலியாயினர்.” இவ்வாக்கியத்தைத் தமிழுலகம் பலமுறை படித்திருக்கிறது. எது நடந்தது? துப்பாக்கிச் சூடு நடந்தது. மழை பெய்ததுபோல, மரம் விழுந்ததுபோல, அது தானாக நடந்துவிட்டது. யார் பலியாயினர்? 13 பேர் பலியாயினர். இறந்தவர்களே எழுவாய், இறந்தது அவர்கள் செய்த தொழில். இலக்கணப்படி வாக்கியத்தில் பிழையேதும் இல்லை. மாணவன் எழுவாயையும் பயனிலையையும் சரியாகப் பிரித்து முழு மதிப்பெண் பெற்றுவிடலாம். ஆனால் துப்பாக்கியைத் தோளில் ஏந்தி, குறிபார்த்து, விசையை இழுத்த மனிதன் அந்த வாக்கியத்தில் எங்கே? அவனுக்கு ஆணையிட்டவன் எங்கே? இருவரும் மொழியின் கொல்லைப்புற வாயில் வழியே வெளியேறிவிட்டனர்.

நன்னூல் கற்ற எவரும் இதனை ஏற்கக் கூடாது. ஒரு வினை என்பது செய்தவர் யார், எக்கருவியால், எவ்விடத்தில், என்ன தொழில், எந்நேரத்தில், யார்மேல் அல்லது எதன்மேல் என்னும் ஆறினையும் உணர்த்த வேண்டுவது என்று பவணந்தியார் வகுத்திருக்கிறார். குயவன் குடம் வனைந்ததை விளக்க இந்த ஆறும் கேட்கப்படுகின்றன. மனிதன் மனிதனைச் சுட்டதற்கு அவை கேட்கப்படாமற் போவது என்ன நீதி?

காவலரின் கைத்தடியும் துப்பாக்கியும் அவர்களுடைய சொத்து அல்ல. மக்கள் தம் உயிரையும் உடைமையையும் காக்கும்பொருட்டு, தம் கையில் இருந்திருக்க வேண்டிய வலிமையை ஓர் அமைப்பிடம் ஒப்படைத்திருக்கின்றனர். ஒப்படைத்த பொருளுக்குக் கணக்குக் கேட்பது ஒப்படைத்தவரின் உரிமை; கணக்குக் காட்டுவது பெற்றவரின் கடமை. கூட்டுறவுக் கடையின் கணக்கர் பத்து வெள்ளிக்குப் பற்றுச்சீட்டு வைக்கிறார். ஒரு தோட்டாவுக்குப் பற்றுச்சீட்டு வேண்டாமா? இக்கட்டுரை வற்புறுத்துவது இவ்வளவே: போராடுவோர்மேல் ஆட்சி செலுத்திய படைவலிமை ஒவ்வொன்றுக்கும், அந்த ஆறு கேள்விகளுக்கும், பெயரோடும் பொறுப்போடும் விடை சொல்லியாக வேண்டும். விடை சொல்லாத ஆட்சி எதுவாயினும், எந்த நிறக்கொடி பிடித்ததாயினும், அதற்குத் தமிழறிஞரின் நாவும் எழுதுகோலும் துணைபோகலாகாது.

கிள்ளானும் யாழ்ப்பாணமும்

ஈசூன் என்னும் பெயர் ரப்பரிலும் அன்னாசியிலும் செல்வம் சேர்த்த தோட்ட அதிபர் லிம் நீ சூனின் பெயரிலிருந்து வந்தது. இன்று அடுக்குமாடிகள் நிற்கும் அந்நிலத்தில் ஒருகாலத்தில் தோட்டங்கள் இருந்தன. மலாயா, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கதை தோட்டத்து வரிசை வீட்டில்தான் தொடங்குகிறது. ஆகவே முதல் சான்றைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. ரப்பர்த் தோட்டத்திலேயே அது கிடைக்கிறது.

1941ஆம் ஆண்டில் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டவை எவை? சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி. பிள்ளைகளுக்குத் தக்க பள்ளி. தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடுதல். தம் பெண்டிரிடம் மேலாளர் தகாத முறையில் நடவாமை. துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் இழிவு நீங்குதல். பள்ளி கேட்டவர்கள், கள்ளை வேண்டாம் என்றவர்கள், மானம் கேட்டவர்கள். அவர்களின் தலைவரான ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தலைவரை விடுவிக்கக் கோரித் திரண்ட தொழிலாளரை அடக்கக் காவலரோடு இராணுவமும் வந்தது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஐந்து தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பலர் சிறைப்பட்டனர், பலர் நாடு கடத்தப்பட்டனர்.

ஆட்சியாளரின் ஏடுகளுக்கு இது தோட்டத்தில் நிகழ்ந்த ‘குழப்பம்’. குழப்பம் என்ற ஒற்றைச் சொல்லால் கோரிக்கையும் மறைந்தது. சுட்ட கையும் மறைந்தது. சைக்கிளில் அமர்ந்தபடி செல்லும் உரிமைக்காக மனிதர் உயிர் கொடுத்தனர் என்னும் செய்தி இன்று எத்தனை தமிழ் மாணவருக்குத் தெரியும்? குழப்பம் என்று எழுதியவரின் சொல் வென்றது. இறந்தவரின் வாக்கியம் எழுதப்படாமலே போயிற்று.

இரண்டாவது சான்று தமிழாசிரியர்களின் நெஞ்சுக்கு நெருக்கமானது. 1974 ஜனவரி 10ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவு நிகழ்ச்சி. வீரசிங்கம் மண்டபத்தின் முன்னே மக்கள் அமர்ந்து அறிஞர் உரையைக் கேட்டுக்கொண்டிருந்தனர். கோரிக்கை முழக்கமோ கல்லெறியோ அங்கு இல்லை. தமிழைக் கேட்க வந்த கூட்டம் அது. அக்கூட்டத்திற்குள் காவலர் புகுந்தனர், தடி வீசினர், கண்ணீர்ப் புகைக் குண்டு எறிந்தனர், துப்பாக்கி வெடித்தனர். அறுந்து விழுந்த மின்கம்பி பட்டுப் பலர் மாண்டனர். இழந்த உயிர் ஒன்பதுக்குக் குறையாது.

“மின்சாரம் தாக்கி இறந்தனர்” என்று ஒருவர் எழுதினால் அது பொய்யாகாது. மின்சாரம் தாக்கியது உண்மையே. ஆனால் மின்கம்பி ஏன் அறுந்தது? அமைதியாக அமர்ந்திருந்தோரின் நடுவே துப்பாக்கி வெடிக்க வேண்டிய தேவை என்ன? அரசு அதிகாரமுறை விசாரணை நடத்த மறுத்தபோது, ஓய்வுபெற்ற நீதிபதி டி கிரெட்சர் தலைமையில் குடிமக்களே ஒரு குழுவை அமைத்து விசாரித்தனர். ஆயுதமற்ற மக்கள்மேல் தேவையற்ற வன்தாக்குதல் நடத்தியோர் காவலரே என்று அக்குழு எழுவாயை எழுதி வைத்தது. அரசு எழுத மறுத்த பெயரை மக்கள் எழுதலாம் என்பதற்கு அது சான்று.

தாமிரபரணியும் தூத்துக்குடியும்

வெள்ளையர் ஆட்சியும் சிங்களப் பெரும்பான்மை ஆட்சியும் தமிழரைச் சுட்டதைக் கண்டிப்பதில் தமிழர்க்குள் கருத்து வேற்றுமை இல்லை. தமிழரையே தமிழர் ஆளும் இடத்தில் கேள்வியின் ஒலி தாழ்ந்துவிடுகிறது. அங்கேதான் நேர்மைக்குச் சோதனை.

1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சென்னை மாநிலத்துக் காவலரும் படையினரும் சுட்டதில் மாணவரும் பொதுமக்களும் மாண்டனர். அவர்களை மொழிப்போர் ஈகியர் என்று ஒவ்வோராண்டும் ஜனவரி 25ஆம் நாள் தமிழகக் கட்சிகள் வணங்குகின்றன. வணங்குவது தகும். ஆனால் அந்த நினைவின் வழியே ஆட்சிக்கு வந்தவர்கள், தம் கையில் துப்பாக்கி வந்தபின் என்ன செய்தனர்?

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் கூலி உயர்வுக்காகவும், சிறைப்பட்ட தொழிலாளரின் விடுதலைக்காகவும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஓர் ஊர்வலம் சென்றது. அப்போது ஆண்டது தி.மு.க. காவலர் தடியடி நடத்தினர். ஒருபுறம் தடி, மறுபுறம் ஆறு. மக்கள் தாமிரபரணியில் இறங்கி ஓடினர். 17 பேர் இறந்தனர். அவர்களுள் பெண்டிரும் ஒரு பச்சிளம் குழந்தையும் இருந்தனர். பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்தனர் என்பதே அரசுத் தரப்பின் விளக்கமாயிற்று. ஆற்றின்மேல் பழி விழுந்தது. பொருநை நதி பன்னெடுங்காலமாக ஓடுகிறது. அன்று மாலை மட்டும் அது ஏன் கொலைத்தொழில் மேற்கொண்டது? மக்களை ஆற்றுக்குள் விரட்டியவர் யார் என்று கேட்டால், நீர் விடை சொல்லாது. மனிதரே சொல்ல வேண்டும்.

2018 மே 22. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை மூடக் கோரிய போராட்டத்தின் நூறாவது நாள். மீனவரும் வணிகரும் தாய்மாரும் மாணவரும் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தனர். அப்போது ஆண்டது அ.தி.மு.க. அன்றும் மறுநாளும் காவலர் சுட்டதில் 13 பேர் மாண்டனர். அவர்களுள் பதின்பருவ மாணவி ஒருத்தியும் இருந்தாள். பின்னர் வெளிவந்த முதல் தகவல் அறிக்கைகளில், சுட ஆணையிட்டோராகத் துணை வட்டாட்சியர்கள் காட்டப்பட்டனர். ஒரு மாவட்டத்தையே நிலைகுலைத்த செயலுக்கு ஆணையிட்டவர் துணை வட்டாட்சியராம்! மேலே இருந்தோர் எவரும் வாக்கியத்தில் வரவில்லை. அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, தாமும் தொலைக்காட்சி வழியாகவே செய்தியை அறிந்ததாகக் கூறினார்.

நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்தது. அதன் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆறு கேள்விகளுக்கும் அதில் விடை இருக்கிறது. முறையான முன்னெச்சரிக்கையின்றிச் சுட்டனர், மறைவிடத்திலிருந்து சுட்டனர், சிதறி ஓடியவர்களைச் சுட்டனர். மாவட்ட ஆட்சியர் அந்நாளில் தலைமையிடத்தில் இல்லாமல் கோவில்பட்டியில் இருந்ததை ஆணையம் கண்டித்தது. முதலமைச்சர் தொலைக்காட்சியில் பார்த்தே அறிந்தார் என்பதையும் அது ஏற்கவில்லை. காவல்துறையினர் 17 பேர்மேலும் ஆட்சியர்மேலும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. பரிந்துரை என்பது தண்டனை ஆகாது. குற்றம் மன்றத்தில் மெய்ப்பிக்கப்பட வேண்டும். ஆயினும் எழுவாய் காணாமற்போன வாக்கியத்துக்கு எழுவாய் கிடைத்துவிட்டது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் அதற்குத் தேவைப்பட்டது.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. சுட்ட ஆறு நாட்களில், மே 28ஆம் நாள், ஆலையை மூட அரசே ஆணை பிறப்பித்தது. ஆலை உரிமையாளரின் மேல்முறையீட்டை இந்திய உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29ஆம் நாள் தள்ளுபடி செய்தது. அஃதாவது, மக்கள் கேட்டது கொடுக்கக்கூடியதே. மே 28இல் கையெழுத்திட்ட எழுதுகோல் மே 21இலும் அரசிடம் இருந்தது. எழுதுகோலுக்கு முன்னே துப்பாக்கி எடுக்கப்பட்டது என்பதே குற்றத்தின் முழுப் பருமன்.

தேக்காவில் வெடிக்காத துப்பாக்கி

“கூட்டம் வெறிகொண்டு கல்லெறியும்போது காவலர் கைகட்டி நிற்பதா? சுடாமல் எப்படி அடக்குவது?” என்று கேட்போர் உளர். இக்கேள்விக்கு விடை நூலில் இல்லை; தேக்காவில் இருக்கிறது.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. தங்கும் விடுதிகளிலிருந்து வாரத்தில் ஒருநாள் ஊர்க்காற்றைத் தேடி லிட்டில் இந்தியாவுக்கு வந்திருந்த தொழிலாளர் திரும்பும் நேரம். ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில், தமிழகத்திலிருந்து வந்த 33 வயதுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தின் அடியில் சிக்கி இறந்தார். கூட்டம் சினந்தது. பேருந்து நேரக்காப்பாளரே காரணம் என்றும், மீட்புப் பணியாளர் அடியில் கிடந்தவரைக் கவனிக்கவில்லை என்றும் தவறாக எண்ணியது. ஏறத்தாழ 300 பேர் கலவரத்தில் இறங்கினர். கல்லும் புட்டியும் பறந்தன. அவசர உதவி வாகனங்கள் 23 சேதமுற்றன; அவற்றுள் ஐந்து எரிந்தன. பணியிலிருந்த அதிகாரிகள் 54 பேரும் பொதுமக்கள் எட்டுப் பேரும் காயமுற்றனர். சிங்கப்பூர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காணாத கலவரம் அது.

ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அனைத்தும் அடங்கியது. காவலரின் துப்பாக்கியிலிருந்து ஒரு தோட்டாவும் வெளிவரவில்லை. இடுப்பில் துப்பாக்கி இருந்தது. எதிரே தீ இருந்தது. சுடக் காரணம் சொல்லவும் முடிந்திருக்கும். ஆயினும் சுடவில்லை. பேருந்துக்குள் சிக்கிய ஓட்டுநரையும் நேரக்காப்பாளரையும் காவலரும் குடிமைத் தற்காப்புப் படையினரும் கேடயத்தின் மறைவில் வெளியே கொண்டுவந்தனர். அந்த இரவில் விபத்தில் இறந்தவரைத் தவிர வேறெவரும் உயிரிழக்கவில்லை. கல்லெறிந்தவனும் கல்லடி பட்ட காவலரும் மறுநாட் காலை உயிரோடு இருந்தனர். கல்லெறிந்தவன் மன்றத்தில் நின்று தன் செயலுக்கு விடை சொன்னான். நீதி என்பது அதுவே; பிணத்தை எந்த மன்றமும் விசாரிக்க முடியாது.

இங்கே ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. தேக்காவில் நிகழ்ந்தது போராட்டம் அன்று, கோரிக்கையற்ற சீற்றம். தீ வைத்ததை எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அந்த வேறுபாடே வாதத்துக்கு வலிவு சேர்க்கிறது. கோரிக்கையற்ற, தலைவனற்ற, தீவைத்த ஒரு கூட்டத்தை ஒரு தோட்டாவும் இன்றி அடக்க முடியும் என்றால், கோரிக்கையோடு, பெண்டிரும் பிள்ளைகளும் சேர்ந்து, பகல் வெளிச்சத்தில் மனுக்கொடுக்க வந்த கூட்டத்தைச் சுட்டதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

தேக்காவின் கணக்கும் முழுமையாகவே பார்க்கப்பட வேண்டும். முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. 2014 பிப்ரவரி முதல் வெளிப்படையாக விசாரித்தது. ஜூன் 30ஆம் நாள் அதன் அறிக்கை வெளியிடப்பட்டது. சம்பவ இடத்துக் காவலரின் துணிவைக் குழு பாராட்டியது. அதே வேளையில், தொடர்பு முறையின் குறையையும், கூடுதல் படை வரும்வரை ஓரிடத்திலேயே காத்து நின்றதையும் குறை கூறியது. சுட்டிருக்க வேண்டும் என்று குழு கூறவில்லை. விரைந்து ஒழுங்காகச் செயற்பட்டிருக்க வேண்டும் என்றது. சுடாத இரவுக்கும் ஏழு மாதத்திற்குள் கணக்குக் கேட்கப்பட்டது என்பது குறிக்கத் தக்கது.

கணக்கில் நிரம்பாத பகுதியும் உண்டு. 25 பேர்மேல் மன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டது. 57 பேர் மன்ற விசாரணையின்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். கலைந்து செல்லுமாறு காவலர் இட்ட ஆணைக்குக் கீழ்ப்படியவில்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. கடன்பட்டுக் கடல்கடந்து வந்த தொழிலாளிக்கு ஊர் திரும்புவது சிறு தண்டனை அன்று. படைவலிமை துப்பாக்கியில் மட்டும் இருப்பதில்லை. முத்திரை குத்தும் கையிலும் இருக்கிறது. துப்பாக்கியை அடக்கிய கை, முத்திரைக்கும் மன்றத்தில் விடை சொல்லியிருந்தால் அந்த நற்பெயர் இன்னும் நிறைவுற்றிருக்கும். நன்று செய்தபோது நன்றென்றும், குறைவுற்றபோது குறைவென்றும் சொல்வதே நாட்டுப்பற்று.

சொல்லப்படும் சாக்குகள்

“காவலரும் மனிதரே, அவர்களுக்கும் குடும்பம் உண்டு, அச்சம் உண்டு” என்பது ஒரு வாதம். முற்றிலும் உண்மை. சிங்கப்பூரில் 1955 மே 12ஆம் நாள் ஹொக் லீ பேருந்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் கலவரமாக மூண்டபோது நால்வர் இறந்தனர். அவர்களுள் இருவர் காவற்பணியில் இருந்தோர், ஒருவர் மாணவர், ஒருவர் அமெரிக்கச் செய்தியாளர். இறந்த காவலருக்காக அழாத நெஞ்சு, இறந்த மாணவனுக்காக அழும் தகுதியை இழந்துவிடுகிறது. தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து நேரும்போது காவலர் ஆயுதம் எடுக்கலாம் என்பதை எந்த அறநூலும் மறுக்கவில்லை. ஆனால் அச்சத்தை ஆளக் கற்பதுதான் காவற்பயிற்சி. மேலும், கேடயமும் தலைக்கவசமும் இல்லாமல், தெளிவான ஆணையும் இல்லாமல், நூறு காவலரை ஆயிரக்கணக்கான மக்கள் முன்னே நிறுத்தும் மேலதிகாரிதான் அந்தக் காவலருக்கு முதற்பகைவர். ‘சுட்டவர் யார்?’ என்று கேட்பது கடைநிலைக் காவலரைத் தூக்கிலேற்ற அன்று. அவர் பின்னே ஒளிந்திருப்போரை வெளிக்கொணர.

“தடையுத்தரவை மீறிக் கூடினர்; அதனால் சுடப்பட்டனர்” என்பது மற்றொரு வாதம். தூத்துக்குடியில் 144 தடையுத்தரவு இருந்தது மெய்தான். சிங்கப்பூரிலும் பொது ஒழுங்குச் சட்டம் 2009ஆம் ஆண்டிலிருந்து உள்ளது. அனுமதியின்றிப் பொதுவிடத்தில் கூடுவது குற்றம். சட்டம் நல்லதா, மாற்ற வேண்டியதா என்பது வேறு வழக்கு. சட்டத்தை மீறியவருக்கு அச்சட்டம் விதித்த தண்டனை தண்டமோ சிறையோ மட்டுமே. தடையுத்தரவை மீறியதற்கு எந்த நாட்டுச் சட்டநூலும் தெருவிலேயே மரண தண்டனை எழுதி வைக்கவில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் மாநாடு 1990இல் ஹவானாவில் ஏற்ற நெறிகளும் இதனையே கூறுகின்றன. கூட்டம் சட்டத்துக்குப் புறம்பானதாயினும், வன்முறையற்றதாயின் படைவலிமையைத் தவிர்க்க வேண்டும்; தவிர்க்க முடியாவிடில் மிகக் குறைந்த அளவே பயன்படுத்த வேண்டும். சுடும் கருவி, உயிருக்கு உடனடி ஆபத்து நேரும் இடத்தில் மட்டுமே. அதற்கும் முன்னெச்சரிக்கை, சுட்டபின் அறிக்கை.

“சமூக விரோதிகள் ஊடுருவினர்” என்பது மூன்றாவது வாதம். தமிழகத்தில் இது பல்லாண்டாகப் பழகிய பல்லவி. ஊடுருவியவர் இருந்தால் அவர்களைப் பிடிப்பதே காவலரின் தொழில். கூட்டத்தில் திருடன் புகுந்தான் என்பதற்காகக் கூட்டத்தையே சுடுபவரைக் காவலர் என்று எப்படி அழைப்பது? அன்றியும், மாண்ட பதின்பருவ மாணவி எந்த விரோதிப் பட்டியலில் இருந்தாள்? தாயின் கையிலிருந்து ஆற்றில் விழுந்த குழந்தை எந்தச் சங்கத்தின் உறுப்பினன்?

“பழையதை ஏன் கிளற வேண்டும்?” என்பது கடைசி வாதம். 1919இல் அமிர்தசரசில் சுட்ட டயரை, அவரை அனுப்பிய பேரரசே ஹண்டர் குழுவின் முன் நிறுத்திக் கேட்டது. எச்சரிக்கை தராமலே சுட்டதாக அவர் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டார். உரிய தண்டனை கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் இன்றுவரை அந்தப் படுகொலையைச் சொல்லும் வாக்கியத்தில் டயர் என்னும் எழுவாய் நிற்கிறது. அயலாட்சியே அளித்த அந்தச் சிறு கணக்கை, தன்னாட்சி தன் மக்களுக்கு மறுக்குமாயின் விடுதலைக்குப் பொருள் என்ன?

வகுப்பறையின் கடமை

தமிழ் இலக்கியத்துக்கு இக்கேள்வி புதியதன்று. திருக்குறளில் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என்னும் மூன்று அதிகாரங்கள் 55, 56, 57 என அடுத்தடுத்து நிற்கின்றன. நேர்மையான ஆட்சி, கொடுமையான ஆட்சி, குடிகள் அஞ்சத்தக்கவற்றைச் செய்யாத ஆட்சி என்னும் வரிசை அது. குடிகளை வெருட்டுவது ஆட்சியின் வலிமை அன்று, நோய் என்பதே அந்த வரிசையின் கருத்து. சிலப்பதிகாரத்தில் ஒரு பெண் தனியளாய், தலைவிரி கோலத்தோடு, கையில் ஒற்றைச் சிலம்போடு அரண்மனை வாயிலில் நிற்கிறாள். அவளுக்கு வாயில் திறந்தது. மன்னன் அவளைக் கேட்டான். பிழை தெரிந்தபின் பொற்கொல்லன்மேலோ காவலர்மேலோ பழிபோட்டுத் தப்பவில்லை. பிழை தன்னது என்று ஏற்று உயிர் துறந்தான். கொலைக்களத்தில் வாள் வீசியவன் பெயரற்ற ஒரு காவலன். எழுவாயாக நின்றவன் பாண்டியன் நெடுஞ்செழியன். தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்தவர்களுக்கு வாயில் திறந்திருந்தால், கேட்க ஒருவர் அங்கே இருந்திருந்தால், 13 வீடுகளில் இன்று படத்துக்கு மாலை தொங்காது.

இக்காப்பியத்தை ஆண்டுதோறும் கற்பிப்போர், பாண்டியனின் ஒப்புதலைப் பாராட்டித் தேர்வுக்கு வினா அமைப்போர், நிகழ்காலத்து வாயில்கள் மூடியிருப்பதைக் கண்டு வாய்மூடியிருத்தல் முரண் அன்றோ? ‘ஆசிரியர்க்கு அரசியல் எதற்கு?’ என்று ஒதுங்குவோர் உளர். எந்தக் கட்சிக்கும் கொடிபிடிக்குமாறு எவரும் ஆசிரியரை அழைக்கவில்லை. இலக்கணத்தை ஒழுங்காகக் கற்பிக்குமாறே அழைக்கின்றனர்.

ஈசூனிலோ உட்லண்ட்சிலோ ஒரு தமிழ் வகுப்பில், செய்தித்தாளின் ஒரு துண்டைக் கரும்பலகையில் எழுதிவைத்து, ‘தடியடி நடத்தப்பட்டது’ என்னும் தொடரைச் செய்வினையாக மாற்றுமாறு சொன்னால் போதும். நடத்தியவர் யார் என்று மாணவன் கேட்பான். செய்தியில் விடை இல்லை என்பதையும் அவனே கண்டுபிடிப்பான். பின்னர்க் ‘கலைக்கப்பட்டனர்’ என்னும் சொல்லைக் கேட்கலாம். மேகம் கலையும், கனவு கலையும், மனிதர் அடிபட்டு, எலும்பு முறிந்து, புகையில் மூச்சுத் திணறி ஓடியதற்கும் அதே மென்சொல்லா? ‘நிலைமை கட்டுக்குள் கொண்டுவரப்பட்டது’ என்பதை அடுத்து எடுக்கலாம். எந்த நிலைமை, எவ்வாறு, எத்தனை உயிர் கொடுத்து என்று கேட்கப் பழகிய மாணவன், பிற்காலத்தில் செய்தியாளனானாலும், வழக்கறிஞனானாலும், சீருடை அணிந்த காவல் அதிகாரியே ஆனாலும், அந்தக் கேள்வியை மறக்க மாட்டான். அவன் கட்டளையிடும் நாள் வரும்போது, தன் பெயர் அந்த வாக்கியத்தின் தலையில் நிற்கப்போகிறது என்பதை அறிந்து கட்டளையிடுவான். துப்பாக்கிக்கு அதைவிட நல்ல பூட்டு இல்லை.

அக்கேள்வி ஒருபக்கச் சார்பாகவும் இருக்கலாகாது. தேக்காவில் வண்டிக்குத் தீ வைத்தவர் யார் என்று கேட்கும் வாயே, தாமிரபரணிக்குள் மக்களை விரட்டியவர் யார் என்றும் கேட்க வேண்டும். ‘வாகனங்கள் எரிந்தன’ என்று எழுதித் தீ வைத்தவனை மறைப்பதும் பிழை; ‘பேர்கள் பலியாயினர்’ என்று எழுதிச் சுட்டவனை மறைப்பதும் பிழை. ஆனால் இரண்டாவது பிழை பெரிது. தீ வைத்தவனைத் தேடிப் பிடிக்க அரசு இருக்கிறது. அரசே சுட்டபோது அதனைத் தேட மொழி ஒன்றே மிஞ்சுகிறது.

கிள்ளானில் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்களும், யாழ்ப்பாணத்தில் தமிழ் கேட்கச் சென்றவர்களும், தாமிரபரணிக் கரையில் கூலி கேட்டவர்களும், தூத்துக்குடியில் நல்ல காற்றைக் கேட்டவர்களும் இனித் திரும்பி வரப்போவதில்லை. அவர்களுக்காகத் தமிழாசிரியர் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. அவர்களைப் பற்றிய வாக்கியத்தைத் திருத்தி எழுதலாம். பலியானவர்களைச் செயப்படுபொருள் நிற்கும் இடத்துக்கு மாற்றி, காலியாகிய எழுவாயின் இடத்தில் யார் பெயர் வர வேண்டும் என்று மாணவரைக் கேட்கலாம். விடை கிடைக்கும்வரை அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவைக்கலாம். வேறு சொல்லிட்டு நிரப்பாமல் இருந்தாலே போதும்.